பழைய கண்டாங்கியில் ஒரு குர்தி

காரைக்குடிப் பக்கம் எந்த வீட்டுப் பெட்டியைத் திறந்தாலும் யாரும் கட்டாத கண்டாங்கி ஒன்றாவது கிடக்கும். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே சேலைதான். கெட்டிப் பருத்தி, ஒரு குர்திக்கும் சின்னப் பிள்ளைக்கு ஒரு பாவாடைக்கும் தாராளமாகத் துணி வரும். செலவு நூல்கண்டு மட்டும்.

முதலில் சேலையை முற்றத்து வெயிலில் தூக்கிப் பிடியுங்கள். உட்காரும் இடமும் முட்டிப் பக்கமும் நைந்து வெளிச்சம் தெரியும். அங்கே சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. முந்தானைப் பக்கம் பெரும்பாலும் புதிதுபோல இருக்கும், குர்திக்கு அதுதான். அரக்குச் சிவப்பு என்றால் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்து, சாயம் விடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவுக்கு, உங்களுக்குப் பொருந்தும் பழைய குர்தியை நியூஸ்பேப்பரில் விரித்து வரைந்து, சுற்றிலும் ஒரு அங்குலம் விட்டு வெட்டினால் போதும். கண்டாங்கியில் பெரிய வசதி அதன் கட்டம். கோட்டைப் பிடித்தே வெட்டலாம், ஸ்கேல் வேண்டாம். கரை கீழே வருகிற மாதிரி வைத்தால் ஓரம் மடித்து அடிக்கும் வேலையும் மிச்சம்.

பக்கத்தை இணைக்கும்போது மட்டும் கரையிலிருந்து மேல்நோக்கிக் குண்டூசி குத்துங்கள். நான் முதல் தடவை அக்குளிலிருந்து ஆரம்பித்தேன். கீழே கரை அரை அங்குலம் ஏறி இறங்கி நின்றது. "ஏன் ஆத்தா, ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது?" என்றார்கள் அப்பத்தா.

அப்புறம், தையல் மெஷினில் பதினாலாம் நம்பர் ஊசி போடுங்கள். மெல்லிய ஊசி இந்தத் துணியில் ஒடியும்.