சிறு விமானத்தில் வானொலிப் பேச்சு: புதிய மாணவர்களுக்கான செய்முறை விளக்கம்

கோலாலம்பூரில் விமானம் ஓட்டக் கற்கும் நம் பிள்ளைகளில் பலருக்கு, விமானத்தைக் கையாள்வதைவிட வானொலியில் பேசுவதே முதலில் பயமாக இருக்கிறது. கோலாலம்பூர் அருகிலுள்ள சுபாங் விமான நிலையத்தில் செஸ்னா என்ற சிறு விமானத்தில் அமர்ந்து, காதில் வேகமாக வந்து விழும் ஆங்கிலக் கட்டளையைப் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் 'ரோஜர்' என்று சொல்லிவிடுகிறார்கள். பெரியவரிடம் மறுபடி கேட்டால் மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு இந்தப் பழக்கம் எளிதில் ஒட்டிக்கொள்கிறது. அதை முதல் வாரத்திலேயே களைய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

உதாரணத்திற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1989 பிப்ரவரி 19 அன்று சிங்கப்பூரிலிருந்து சுபாங்குக்கு வந்த ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானம், ஒரு போயிங் 747, பூச்சோங் அருகே மலையில் மோதி, அதில் இருந்த நால்வரும் இறந்தனர். 2400 அடிக்கு இறங்கச் சொல்ல நினைத்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் 'டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ' என்றார். விமானிகளோ 'டூ' என்ற எண்ணை (two), 'க்கு' என்று பொருள்படும் 'டு' (to) என்று கொண்டு, 400 அடிக்கு இறங்கு என்று எடுத்துக்கொண்டு, 'ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ' என்று பதில் தந்தனர். அந்தப் பதிலை யாரும் திருத்தவில்லை. விமானம் மோதிய இடம் 437 அடி உயரத்தில் இருந்தது. தரை நெருங்குகிறது என்ற எச்சரிக்கை ஒலித்தும் அவர்கள் மேலே ஏறவில்லை என்பது உள்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனால் வானொலியில் நடந்த பிழையைப் பிடிக்க ஒரு வாய்ப்பு இருந்தது, அது கைநழுவியது. அந்த வாய்ப்பைக் கைநழுவ விடாமலிருப்பதே கீழுள்ள படிகளின் நோக்கம்.

படி 1: பொத்தானை அழுத்துமுன் கேளுங்கள்

விமான வானொலி ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பேசக்கூடிய ஏற்பாடு. இருவர் ஒன்றாகப் பேசினால் இரண்டு பேச்சும் கெட்டு, கேட்பவர் காதில் கீச்சென்ற ஒலியே விழும். 1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்த விபத்திலும், கட்டுப்பாட்டுக் கோபுரமும் மற்ற விமானமும் ஒரே கணத்தில் பேசியதால், மிக முக்கியமான எச்சரிக்கை, மோதிய விமானங்களில் ஒன்றான கேஎல்எம் விமானத்தின் விமானிகளுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. ஆகவே அலைவரிசையை மாற்றியதும் உடனே பேசாமல், நடந்துகொண்டிருக்கும் உரையாடல் முடியும்வரை காத்திருங்கள். பொத்தானை அழுத்தி, ஒரு கணம் விட்டுப் பேசுங்கள். இல்லையென்றால் முதல் அசை வெட்டுப்படும், பெரும்பாலும் அது யாரை அழைக்கிறோம் என்ற பகுதியாகவே இருக்கும். நிமிடத்திற்கு 100 சொற்களுக்கு மேல் போகக்கூடாது என்பது சர்வதேச வழிகாட்டுதல். பதற்றத்தில் நாம் இதைத் தாண்டிவிடுகிறோம்.

படி 2: முதல் அழைப்பு

யாரை அழைக்கிறோம், நாம் யார், எங்கே இருக்கிறோம், என்ன வேண்டும் என்ற வரிசையை மாற்றாதீர்கள். ஒரே பயிற்சிப் பள்ளியின் விமானங்களுக்குப் பதிவெழுத்துகள் அடுத்தடுத்து அமைவதுண்டு. எனவே கட்டுப்பாட்டாளர் உங்கள் அழைப்புப் பெயரை (வானொலியில் உங்கள் விமானத்தைக் குறிக்கும் பெயரை) சுருக்கும்வரை நீங்களாகச் சுருக்க வேண்டாம்.

படி 3: எழுதிக்கொண்டு திருப்பிச் சொல்லுங்கள்

தொடையில் கட்டிய குறிப்பேட்டில் எண்களை மட்டும் எழுதுங்கள், வாக்கியங்களை எழுத நேரமிருக்காது. ஓடுபாதையில் நுழைய, கடக்க, நிற்க, இறங்க, கிளம்பத் தரப்படும் அனுமதிகள், பறக்கும் உயரம், திசை, வேகம், டிரான்ஸ்பாண்டர் (ரேடாரில் விமானத்தை அடையாளம் காட்டும் கருவி) எண், உயரமானியின் அழுத்த அளவு ஆகியவற்றைத் திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும். காற்று விவரத்தைத் திருப்பிச் சொல்லத் தேவையில்லை.

கோபுரம் 'ஹோல்ட் ஷார்ட் ரன்வே ஒன் ஃபைவ்' (15ஆம் ஓடுபாதைக்குள் நுழையாமல் வெளியே நில்) என்றால், 'ரோஜர்' என்பது பதிலே ஆகாது. அதற்குக் கிடைத்தது என்ற பொருள் மட்டுமே உண்டு, என்ன கிடைத்தது என்பதை அது சொல்வதில்லை. 'ஹோல்டிங் ஷார்ட் ரன்வே ஒன் ஃபைவ்' என்று சொல்லி, இறுதியில் உங்கள் அழைப்புப் பெயரையும் முழுமையாகச் சேர்த்துச் சொல்லுங்கள். மாமாக் கடையில் 'தே தாரிக் ஒன்று, சீனி குறைவாக' என்று பணியாளர் திருப்பிச் சொல்லும்போது நாம் உடனே திருத்த முடிவது போல, எதைக் கேட்டீர்களோ அதை அப்படியே வெளிப்படுத்தினால்தான் கட்டுப்பாட்டாளரால் திருத்த முடியும். அவர் மௌனமாக இருப்பதை ஒப்புதல் என்று நம்பிவிடவும் கூடாது, அவரும் வேறொரு விமானத்தைக் கவனித்துக்கொண்டிருக்கலாம்.

எண்களில் ஒன்று பிசகினாலும் என்ன ஆகும் என்று பாருங்கள். அழுத்தம் 1008 என்று சொல்லப்பட்டதை 1018 என்று கேட்டு உயரமானியில் வைத்தால், ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு (காற்றழுத்த அலகு) ஏறத்தாழ 27 அடி என்ற கணக்கில், கருவி 1000 அடி காட்டும்போது நீங்கள் 730 அடியில்தான் இருப்பீர்கள். 2400 அடியை 'டூ தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்' என்று முழுமையாகச் சொல்லும் முறையை இந்தக் காரணத்திற்காகவே விடாமல் கடைப்பிடியுங்கள்.

படி 4: நிபந்தனையுள்ள அனுமதி

சுபாங்கில் ஏடிஆர் என்ற வகைப் பயணிகள் விமானங்கள் அடிக்கடி வருவதால், 'இறங்கும் ஏடிஆருக்குப் பின், ஓடுபாதையில் நுழைந்து நில், பின்' என்ற வகை அனுமதியை நீங்கள் நிச்சயம் கேட்பீர்கள். நிபந்தனை முதலிலும் இறுதியிலும் வரும், இரண்டையும் சேர்த்தே திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த ஏடிஆரைக் கண்ணால் கண்டு, இதுதானா என்று உறுதியாகத் தெரியாதவரை நகரவே கூடாது, ஏனெனில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஏடிஆர்கள் வரலாம். இந்த அனுமதி நுழைந்து நிற்பதற்கு மட்டுமே, கிளம்புவதற்கு அல்ல. 'டேக் ஆஃப்' என்ற சொல் கிளம்ப அனுமதிக்கும்போதும் அந்த அனுமதியை ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படும். மற்ற இடங்களில் 'டிபார்ச்சர்' என்றே நீங்களும் சொல்லுங்கள்.

படி 5: புரியவில்லையென்றால்

'ஸே அகெய்ன்' (மறுபடி சொல்லுங்கள்) என்று சொல்லுங்கள். முழுவதும் வேண்டாம், உயரம் மட்டும் வேண்டுமென்றால் 'ஸே அகெய்ன் ஆல்டிட்யூட்' என்று கேட்கலாம். செய்ய முடியாத கட்டளைக்கு 'அனேபிள்' (இயலாது) என்ற சொல் இருக்கிறது. 'ஸ்டேண்ட் பை' என்று கட்டுப்பாட்டாளர் சொன்னால் காத்திருக்க வேண்டும், அதை அனுமதியாகக் கொள்ளக்கூடாது.

ஆபத்து வரும்போது தயங்குவது மிகக் கொடியது. 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே எரிபொருள் தீர்ந்து விழுந்த அவியாங்கா 52 விமானத்தில் 73 பேர் இறந்தனர். எரிபொருள் குறைகிறது என்று விமானிகள் சொன்னார்கள், ஆனால் அவசர நிலையை அறிவிக்கவில்லை. கோபுரத்தில் இருப்பவர் உங்கள் குரலில் உள்ள பதற்றத்தை ஊகிக்க வேண்டியவர் அல்லர். உயிருக்கு ஆபத்தென்றால் 'மே டே' என்று மூன்று முறை சொல்லுங்கள். அவசரம், ஆனால் உடனடி ஆபத்து இல்லையென்றால் 'பான் பான்' என்பதை மூன்று முறை சொல்லுங்கள்.

படி 6: வானொலி முற்றிலும் பேசாதபோது

ஒலியளவு, அலைவரிசை, தலையணி இணைப்பு ஆகிய மூன்றையும் முதலில் சரிபாருங்கள். பிறகு டிரான்ஸ்பாண்டரில் 7600 வையுங்கள். பறக்கும்போது கோபுரத்திலிருந்து நிலையான பச்சை விளக்கு வந்தால் இறங்கலாம், நிலையான சிவப்பு வந்தால் மற்ற விமானத்திற்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

வீட்டில் பயிற்சி செய்ய, சக மாணவர் ஒருவரைக் கட்டுப்பாட்டாளராக அமர வைத்து, கட்டளைகளை வேகமாகப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் திருப்பிச் சொல்லும்போது, இடையில் ஓர் எண்ணை வேண்டுமென்றே மாற்றிச் சொல்லுங்கள், அவர் பிடிக்கிறாரா என்று பாருங்கள். பிடித்தால் அவர் 'நெகட்டிவ்' (சரியில்லை) என்று தொடங்கிச் சரியான எண்ணைச் சொல்ல வேண்டும், நீங்கள் அதை மீண்டும் முழுமையாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு இடம் மாறிக்கொள்ளுங்கள்.