எலும்பு கூடும் நாட்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஈரோட்டில், பிசியோதெரபி வேலைக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் இருவர், எலும்பை நீட்டுவதற்காக வெளியே இரும்பு வளையம் போட்ட நோயாளி ஒருவரின் காலைத் தலையணை மேல் ஏற்றி வைத்து, "அசைக்காதீங்கண்ணா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு காலத்தில் நானும் இதையேதான் சொன்னேன்.

மெஷின் இருக்கிறதே என்று காலை ஊன்றாமல் இருப்பது

பள்ளிபாளையத்துத் தறிக்காரர் ஒருவர். கெண்டைக்கால் எலும்பு முறிந்து கால் குட்டையாகிவிட, வளையம் மாட்டி நீட்டிக்கொண்டிருந்தார்கள். எலும்பு சீக்கிரம் கூடும் என்று வீட்டில் அல்ட்ராசவுண்ட் மெஷினை வாடகைக்கு எடுத்து, தினமும் 20 நிமிடம் தவறாமல் வைத்தார்கள். ஊன்றினால் வலிக்கிறது என்றார். "அப்படின்னா ஊன்ற வேண்டாங்க" என்றேன். நாலு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில், நீட்டிய இடைவெளியில் எலும்பு கெட்டிப்படாமல் புகை படிந்த மாதிரிதான் இருந்தது. வாடகைக்காக அவர் வீட்டு அம்மா தோட்டை அடகு வைத்தது அப்புறம்தான் தெரிந்தது. இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

எலும்பை அழுத்தினால் அதில் மெல்லிய மின்சாரம் பிறக்கும். ஜப்பானில் புக்காடாவும் யசூடாவும் 1957-லேயே இதைக் காட்டினார்கள். எலும்பு கூட வைக்கும் மின்காந்த மெஷின்கள் அந்த வழியில் வந்தவைதான். பாரம் விழுந்தால்தான் புது எலும்பு கெட்டிப்படும். அல்ட்ராசவுண்டையோ, கெண்டைக்கால் எலும்பு முறிந்து உள்ளே கம்பி போட்ட சுமார் 500 பேரிடம் சோதித்து 2016-இல் முடிவு வெளியிட்டார்கள். அதை வைத்ததால் எலும்பு ஒன்றும் சீக்கிரம் கூடிவிடவில்லை.

அதற்காக முழுப் பாரத்தையும் போட்டுவிடாதீர்கள். எத்தனை கிலோ என்று டாக்டரிடம் கேளுங்கள். உள்ளே கம்பி வைத்து நீட்டுபவர்களுக்கு அளவு வேறு. 20 கிலோ என்றால், வாக்கரைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலை மட்டும் எடை மெஷின் மேல் வைத்து, முள் 20-ஐத் தொடும்வரை அழுத்திப் பாருங்கள். பத்துத் தடவை செய்தால் பாதத்துக்கே அளவு பழகிவிடும்.

எல்லா அல்ட்ராசவுண்டும் ஒன்று என்று நினைப்பது

தசைவலிக்குத் தேய்ப்பதில் சதுர செ.மீ.க்கு 1 வாட் வரை வைப்போம். எலும்புக்கானது வெறும் 30 மில்லிவாட். ஒன்றுக்குப் பதில் மற்றதை வைக்காதீர்கள்.

பீடி

இன்றே நிறுத்துங்கள்.

வளையத்தின் திருகாணியை ஒரே மூச்சில் சுற்றுவது

எலும்பை நீட்டுவது நாளுக்கு 1 மி.மீ., அதுவும் கால் மி.மீ.யாக நாலு தடவை. தறிக்குப் போகிற அவசரத்தில் காலையிலேயே நாலையும் சுற்றிவிடுகிறார்கள். காலை 6, பகல் 12, மாலை 6, படுக்கும்போது ஒன்று. சுற்றியதும் காலண்டரில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள்.