அட்மிஷன் பாரத்தை நீங்களே நிரப்புங்கள்

பாரிஸிலிருந்து வருகிறவர்கள் பிரெஞ்சு மருத்துவக் காப்பீட்டு அட்டையான கார்த் வித்தாலைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம், இங்கே இந்தியாவில் செல்லாது. திடீர் வைத்தியம் என்றால் கையிலிருந்து கட்டிவிட்டு, திரும்பிப் போய், வெளிநாட்டு வைத்தியச் செலவைக் கேட்கும் எஸ்3125 படிவத்தோடு அங்குள்ள அரசு மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்துக்குப் பில்களை அனுப்ப வேண்டும். ஐரோப்பாவுக்கு வெளியே செய்த செலவைத் தருவதும் தராததும் அவர்கள் கையில். அதனால் பயணக் காப்பீடு எடுங்கள். மருந்துக் கடையில் தோலிப்ரான் என்று பிரெஞ்சு மாத்திரைப் பெயரைக் கேட்காமல் பாராசிட்டமால் என்று கேளுங்கள்.

சரி, இனி என் கதை. போன ஆடி மாதம் முத்தியால்பேட்டையில் மாமா வீட்டில் இருந்தபோது ராத்திரி வயிற்று வலி. குடல்வால். பாஸ்போர்ட்டோ கடலூரில் அம்மாவின் பீரோவில். நான் ஸ்ட்ரெச்சரில் சுருண்டு கிடக்க, அட்வான்ஸைக் கட்டி பாரத்தை நிரப்பியது மாமா.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்தால், 'எஸ். செந்தில்'. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சண்முகம் குடும்பப் பெயராக முழுசாக இருக்கும், என் பெயர் செந்தில்குமார். பள்ளிக்கூடத்தில் எனக்கிருந்த பெயரையே மாமா எழுதிவிட்டார். இந்தப் பில் வேறு யாருக்கோ என்றது காப்பீட்டுக் கம்பெனி.

மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் அறையில் மூன்று நாள். ஆதார் கேட்டார்கள். இல்லை என்றேன். "ஆதார் இல்லையா? அப்ப எந்த ஊரு சார் நீங்க?" கடலூர் என்று வாயில் வந்துவிட்டது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டையை நீட்டினேன், புரட்டிப் பார்த்துவிட்டு இது எதுக்கு என்றார். மறுநாள் முத்திரைத் தாள், நோட்டரி, இரண்டு பெயரும் ஒருவரே என்று உறுதிமொழி. அதில் ஆபரேஷன் செய்த டாக்டர் கையெழுத்து வேண்டுமாம். டாக்டர் திண்டிவனத்தில் கல்யாணத்துக்குப் போயிருந்தார். தையல் பிரியாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மாமா மேல் அப்படிக் கோபம். அவரோ பக்கத்தில் மல்லாட்டை உரித்து நீட்டிக்கொண்டிருந்தார். அம்மாவை மாசம் தவறாமல் கண் டாக்டரிடம் கூட்டிப் போகிறவரும் அவர்தான் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

ஆகவே பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலை எப்போதும் சட்டைப் பையில் வையுங்கள். அட்மிஷன் சீட்டு கைக்கு வந்த உடனே எழுத்து எழுத்தாகப் பாருங்கள், உறவுக்காரர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. சம்மரியில் கையெழுத்தோடு சீல் இருக்கட்டும். விமானம் ஏறலாம் என்று டாக்டரிடம் தனியாக ஒரு சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பெயர் திருந்தியது. விலாசம் என்ற இடத்தில் மாமா எழுதியிருந்தது திருப்பாதிரிப்புலியூர் வீடு. அப்பா போன மறு வருஷம் நான் விற்றது. அதையும் மாற்றணுமா என்று கேட்டார் ஊழியர். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.