குமரியிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு: உங்களுக்கான விசா வழியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, ஏஜென்சிக்குள் காலை வைத்ததும் வரும் முதல் கேள்வி, "எந்த நாட்டுக்குப் போகணும்?" இதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். உங்கள் தொழில், வயது, மொழித் தேர்வு மதிப்பெண், கையிலுள்ள சான்றிதழ்கள், இந்த நான்கும்தான் எந்த வழி திறந்திருக்கிறது என்று சொல்லும். நாடு அதற்குப் பிறகு.

படி 1: தொழில் குறியீடு

ஒவ்வொரு நாடும் தொழில்களுக்கு எண் கொடுத்து வைத்திருக்கிறது. கனடாவில் 5 இலக்கம்: வெல்டருக்கு 72106, பதிவு பெற்ற செவிலியருக்கு 31301. அந்த எண்ணின் கீழ் எழுதியிருக்கும் வேலை விவரத்தைப் படித்து, நீங்கள் தினமும் செய்வதோடு பொருத்திப் பாருங்கள். அடையாள அட்டையில் 'சூப்பர்வைசர்' என்றிருந்தாலும் கையில் பிடிப்பது வெல்டிங் டார்ச் என்றால் நீங்கள் வெல்டர்தான். பதவிப் பெயரை மட்டும் நம்பி எண்ணைத் தேர்ந்தெடுத்தால், அனுபவச் சான்றிதழில் உள்ள வேலை அதோடு ஒத்துப்போகாமல் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

அனுபவச் சான்றிதழில் பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், செய்த வேலைகளின் பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். "இவர் நல்ல ஊழியர்" என்று இரண்டு வரி எழுதி முத்திரை குத்திய கடிதம் உதவாது. சம்பளத்தை ரொக்கமாக வாங்குபவர்கள் இப்போதே வங்கிக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 2: வழிகளை ஒப்பிடுங்கள்

*வளைகுடா.* முதலாளி விசா எடுத்துத் தருவார். விசாவும் அவரோடு கட்டப்பட்டது. பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட் ஈசிஆர் (வேலைக்கு வெளிநாடு போகும் முன் அரசின் அனுமதி தேவைப்படும்) வகை. சவுதி, குவைத், கத்தார், அமீரகம் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவருக்குக் குடியேற்ற அனுமதி வேண்டும். செவிலியர்களுக்கு ஈசிஆர் இல்லாத பாஸ்போர்ட் இருந்தாலும் இந்த அனுமதி கட்டாயம். சவுதிக்குப் போகும் வெல்டர், எலக்ட்ரீஷியன், பிளம்பர் போன்றவர்கள் இந்தியாவிலேயே திறன் தேர்வு எழுதித் தேற வேண்டியிருக்கும். "விசிட்டில் போ, அங்கே போய் மாத்திக்கலாம்" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். விசிட் விசாவில் வேலை பார்ப்பது குற்றம். சம்பளம் நின்றால் கையில் ஒப்பந்தமும் இருக்காது, ஈமைகிரேட்டில் (வெளிநாட்டு வேலைக்குப் போவோருக்கான இந்திய அரசின் இணையதளம்) பதிவும் இருக்காது.

*பிரிட்டன்.* 2025 ஜூலை 22 முதல் விதி இறுகிவிட்டது. பொதுவாகப் பட்டதாரி நிலை வேலைக்குத்தான் திறன் பணியாளர் விசா. பொதுச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்ட். முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பது அதே நாளில் நின்றது. இன்னும் 'கேர் விசா' என்று சொல்லிப் பல லட்சம் கேட்பவரிடம் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். செவிலியர்களுக்கு வழி இருக்கிறது: ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் எழுத்துக்கு 6.5, படித்தல், கேட்டல், பேசுதல் மூன்றுக்கும் தலா 7.

*கனடா.* எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற புள்ளி முறைக்கு முதலாளி தேவையில்லை. திறன் பணியாளர் பிரிவில் நுழைய 100க்கு 67 புள்ளி வேண்டும். அதன் பிறகு, 1,200 புள்ளிக்கான வேறொரு கணக்கில் மற்ற விண்ணப்பதாரர்களோடு போட்டி. தனி நபருக்கு 20 முதல் 29 வயது வரை வயதுக்கு 110 புள்ளி, 40 வயதில் 50, 45 வயதில் பூஜ்யம். ஐஇஎல்டிஎஸ் பொதுத் தேர்வில் எல்லாவற்றிலும் 6 எடுத்தால் உள்ளே நுழையலாம், ஆனால் அழைப்பு வருவது கடினம். கேட்பதில் 8, மற்றவற்றில் 7 வந்தால் புள்ளி ஒரே தாவாக ஏறும். வேலை வாய்ப்புக் கடிதத்துக்குக் கிடைத்துவந்த புள்ளிகள் 2025 மார்ச்சில் நீக்கப்பட்டன. ஆகவே அந்தக் கடிதத்தைப் புள்ளிக்காக விலைக்கு வாங்குவது வெறும் நஷ்டம். அழைப்பு வந்தால் 60 நாளில் எல்லா ஆவணமும் ஏற்ற வேண்டும். கையிருப்புப் பணத்துக்கு வங்கி தரும் கடிதத்தில் 6 மாத சராசரி இருப்பு தெரிய வேண்டும்; கடன் வாங்கிக் காட்டும் பணம் செல்லாது.

*ஆஸ்திரேலியா.* 45 வயதுக்குள் இருக்க வேண்டும், குறைந்தது 65 புள்ளி. 189 என்ற எண்ணுள்ள விசாவுக்கு மாநிலமோ முதலாளியோ பரிந்துரைக்கத் தேவையில்லை. 190 விசாவில் மாநிலம் பரிந்துரைத்தால் 5 புள்ளி கூடும். 491 விசாவில் பெருநகரங்களுக்கு வெளியே வசிக்கும் நிபந்தனையோடு 15 கூடும். முதலில் திறன் மதிப்பீடு முடிக்க வேண்டும், அதுவே மாதக்கணக்கில் இழுக்கும்.

*ஜெர்மனி.* ஐடிஐ, டிப்ளமோ, நர்சிங் முடித்த இளைஞர்கள் கண்டிப்பாகப் பார்க்க வேண்டிய நாடு என்பது எங்கள் கருத்து. பணம் கட்டிப் பெறுவதைவிட மொழி படித்துப் பெறுவது இங்கே அதிகம். செவிலியருக்கு முழு அங்கீகாரம் கிடைக்க வழக்கமாக பி2 நிலை ஜெர்மன் தேவை (மொழித்திறனை ஏ1 என்ற தொடக்க நிலையிலிருந்து சி2 வரை அளப்பார்கள்; பி2 நடுவில் சற்று மேல்). நம் மாவட்டத்துக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரத்திலுள்ள, ஜெர்மன் மொழி கற்றுத்தரும் கோத்தே மையம் பக்கம். பட்டதாரிகள் தங்கள் பல்கலைக்கழகம் அனபின் என்ற ஜெர்மன் தரவுத்தளத்தில் எச்+ (அங்கீகரிக்கப்பட்டது) என்று இருக்கிறதா எனப் பார்க்கலாம். வேலை தேடிப் போக 2024 ஜூன் முதல் வாய்ப்பு அட்டை இருக்கிறது: 6 புள்ளி, ஏ1 ஜெர்மன் அல்லது பி2 ஆங்கிலம், ஓராண்டுச் செலவுக்கான பணம் முடக்குக் கணக்கில் (மாதாமாதம் குறிப்பிட்ட அளவு மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு). அதை வைத்து வாரம் 20 மணி நேரம் வரை பகுதி நேரமாக உழைக்கலாம். முடக்குக் கணக்கில் போட வேண்டிய இப்போதைய தொகையைத் தூதரகத் தளத்தில் பாருங்கள். அது மாறிக்கொண்டே இருக்கும்.

படி 3: பெயரும் சான்றிதழும்

நம் ஊரில் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். எஸ்எஸ்எல்சியில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் விரித்த அப்பா பெயர், ஞானஸ்நானச் சான்றில் வேறு பெயர், ஆதாரில் வேறு எழுத்து. எதை அடிப்படையாக வைப்பது என்று முடிவு செய்து, மற்றவற்றை அதற்கேற்பத் திருத்துங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் நிரப்பிவிடுங்கள். 2022 நவம்பரிலிருந்து அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா தருவதில்லை. விண்ணப்பத்துக்கு நடுவில் பெயரை மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து.

சான்றொப்பம் (சான்றிதழ் உண்மையானது என்று அரசு முத்திரை வைப்பது) வழக்கமாகச் சான்றிதழ் வழங்கிய மாநிலத்தில் ஆரம்பிக்கும். பெங்களூரில் நர்சிங் படித்தவர் கர்நாடகத்திலும், கேரளத்தில் படித்தவர் கேரளத்திலும் முடித்துவிட்டு, வெளியுறவு அமைச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். ஓமன், பஹ்ரைன், சவுதிக்கு அந்த அமைச்சகம் வைக்கும் அப்போஸ்டில் என்ற சர்வதேச முத்திரை போதும். குவைத், கத்தார், அமீரகத்துக்குத் தூதரக ஒப்பமும் வேண்டும். அசலை லேமினேஷன் செய்துவிட்டீர்களா? முத்திரை வைக்க முடியாது, டூப்ளிகேட் வாங்க வேண்டி வரலாம்.

படி 4: ஏஜெண்ட்

ஈமைகிரேட் தளத்தில் உரிம எண்ணைத் தேடுங்கள். வேறொரு ஊர் நிறுவனத்தின் எண்ணைக் காட்டி இங்கே கிளை என்பவர்கள் உண்டு. தலைமை அலுவலகத்துக்கு நேரடியாக ஃபோன் செய்து கேளுங்கள். பதிவு பெற்ற ஏஜெண்ட் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சம் 30,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி. ரசீது கேளுங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வெளியிடும் அறிவிப்புகளையும் பாருங்கள்.

படி 5: புறப்படும் முன்

ஒப்பந்தத்தில் பதவி, சம்பளம், வேலை நேரம் விசாவோடு ஒத்துப்போகிறதா என்று வரிக்கு வரி பாருங்கள். வெல்டராகப் பேசிவிட்டு விசாவில் 'லேபர்' என்றிருந்தால் ஏறாதீர்கள். ஈசிஆர் பாஸ்போர்ட்காரர்கள் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு எடுக்க வேண்டும்: இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375, வரி தனி; விபத்து மரணத்துக்கு 10 லட்சம். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், காப்பீடு ஆகியவற்றின் நகலை ஒரு செட் வீட்டில் வைத்துவிட்டு, இன்னொன்றை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள்.