எட்டு இன்ஜின், 560 ஆட்டம்: ஒரு மடிக்கணினியில் செஸ் தொடர் நடத்துவது எப்படி?

மன்னார்குடிப் பக்கம் இன்ஜின் என்றால் வாய்க்காலோரம் தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜின்தான். என் வீட்டு முன்னறையில் ஓடுவது வேறு: தாமாகவே செஸ் ஆடும் நிரல்கள். அவற்றை மோதவிட்டு எது வலியது என்று பார்க்கச் சாதாரண மடிக்கணினியே போதும்.

முதலில் க்யூட் செஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். நடுவர் வேலை அதனுடையது. பிறகு யுசிஐ முறையில் (இன்ஜினும் நடுவர் மென்பொருளும் பேசிக்கொள்ளும் பொது மொழி) இயங்கும் எட்டு இன்ஜின்களை இறக்கிக்கொள்ளுங்கள். ஆசைப்பட்டு ஸ்டாக்ஃபிஷை நுழைத்துவிடாதீர்கள். மற்ற ஏழையும் துவைத்துப் போட்டுவிடும், பார்க்கச் சப்பென்றிருக்கும். லீலா என்ற இன்ஜினுக்கோ நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும். இன்ஜின்களை மோதவிட்டுத் தரம் பிரிக்கும் சிசிஆர்எல் தரவரிசையில் அடுத்தடுத்து நிற்கும் எட்டைப் பொறுக்குங்கள்.

அடுத்து கணக்கு. எட்டு இன்ஜின் என்றால் 28 இணைகள்; நிறம் மாற்றி இரண்டிரண்டு ஆட்டம், ஆக ஒரு சுற்றுக்கு 56. ஆளுக்கு 5 நிமிடம், நகர்த்தலுக்கு 3 விநாடி கூடுதல் என்று வைத்தால், 70 நகர்த்தல் போகும் ஆட்டம் 17 நிமிடம் வரை இழுக்கும். சுற்றுக்கு 16 மணி நேரம் ஒதுக்குங்கள். பத்துச் சுற்றுக்கு 560 ஆட்டம்.

என் முதல் தொடரை ஒரே ஓட்டமாக விட்டேன். நான்காம் நாள் இரவு ஐப்பசி மழையில் மின்சாரம் போனது. பழைய பேட்டரி பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. சதுரங்கம் ஆடிய சிவன், சதுரங்க வல்லபநாதர், பக்கத்தில் பூவனூரில்தான் இருக்கிறார், மின்சாரத்துக்கு அவர் என்ன செய்வார்? முடிந்த ஆட்டங்கள், நகர்த்தல்களைப் பதிந்து வைக்கும் பிஜிஎன் கோப்பில் பத்திரமாக இருந்தன. எந்த இணை பாக்கி என்று கண்டுபிடிக்கத்தான் நோட்டில் கட்டம் போட்டு விடிய விடிய அடித்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் முறைப்பாசனம் மாதிரி நாளுக்கு ஒரு சுற்று, சுற்றுக்கு ஒரு கோப்பு. இடையில் நின்றால் அந்தச் சுற்றை மட்டும் மறுபடி ஓட்டினால் போதும்.

இப்படிப் பிரிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. தொடக்க நகர்த்தல்கள் அடங்கிய கோப்பைக் கொடுக்காவிட்டால் இன்ஜின்கள் ஆடிய ஆட்டத்தையே ஆடும். கொடுத்தாலும், வரிசைப்படி எடுக்கச் சொன்னால் ஒவ்வொரு சுற்றும் கோப்பின் முதல் வரியிலிருந்தே ஆரம்பிக்கும். ஆகவே ரேண்டம் என்று மாற்றுங்கள். ஒரே தொடக்கத்தை நிறம் மாற்றி இருவரும் ஆட வேண்டும் என்பதையும் குறித்துவிடுங்கள்.

எல்லோருக்கும் ஹாஷ் (அலசிய நிலைகளை நினைவில் வைக்கும் இடம்) 128 எம்பி, த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் கணக்கு இழை) ஒன்று. எதிராளியின் நேரத்தில் யோசிக்கும் பாண்டர் வசதியை நிறுத்துங்கள். கணினி தானாகத் தூங்கிப்போகாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிட ஆட்டங்களாக ஒரு சுற்று வெள்ளோட்டம் விட்டால், பாதியில் முடங்கும் இன்ஜின் எது என்று அப்போதே தெரிந்துவிடும்.

ஓடும்போது அதில் வேறு வேலை கூடவே கூடாது. அக்காள் மகன் சினிமா பார்க்க உட்கார்ந்த ஒரு மதியத்தில் மட்டும் மூன்று ஆட்டங்களில் ‘நேரம் கடந்து தோல்வி’. மூன்றையும் நீக்கிவிட்டு மறுபடி ஆடவிட்டேன்.

முடிவுகள் வந்ததும் கோப்புகளை ஒன்றாக்கி ஆர்டோ நிரலில் கொடுத்தால் எலோ மதிப்பும் (ஆட்ட பலத்தைக் காட்டும் எண்) பிழை வரம்பும் வரும். அந்த வரம்பைப் பாருங்கள். சமபலமுள்ள இரண்டை 100 ஆட்டம் மோதவிட்டாலும் நாலைந்து ஆட்டப் புள்ளி (வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை) இப்படியும் அப்படியும் போகும். என் தொடரில் 140 ஆட்டம் ஆடிய பிறகு முதலிரண்டு இடங்களுக்கும் நடுவே மூன்றே புள்ளி. அவை இரண்டையும் மட்டும் வைத்து இன்னும் 400 ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது 212-வது, ராணிக்கு ராணி, ஆளுக்கொரு சிப்பாய், 96-வது நகர்த்தல்.