ஓம்ஸ் முதலில், டெசிபல் அடுத்து, வாட்ஸ் கடைசியில்: குறைந்த செலவில் பிஏ ஸ்பீக்கருக்கு ஏற்ற பவர் ஆம்ப்

மேடைக்கும் விழாவுக்கும் வைக்கும் பிஏ ஸ்பீக்கருக்கு ஆம்ப் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது வாட்ஸ். ஏமாற்றுவதற்குச் சுலபமான எண்ணும் அதுதான். "ஆயிரம் வாட்ஸ் பாக்ஸ், அதற்கு ஆயிரம் வாட்ஸ் ஆம்ப்" என்று ஸ்டிக்கரை ஸ்டிக்கரோடு பொருத்தினால், ஒன்று காசு வீணாகும், இல்லையென்றால் ஸ்பீக்கரின் காயில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) கருகும். கையில் இருக்கும் பணம் குறைவு என்றால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். ஆம்ப் உயிரோடு இருக்க ஓம்ஸ், அதாவது பாக்ஸ் கரண்டுக்குக் காட்டும் தடை. சத்தம் போதுமா என்று தெரிய டெசிபல். இந்த இரண்டும் முடிந்த பிறகு வாட்ஸ்.

ஓம்ஸ் கணக்கு

8 ஓம் பாக்ஸ் ஒன்று ஒரு சேனலில் இருந்தால் ஆம்ப்புக்கு 8 ஓம். ஒரு பாக்ஸிலிருந்து அடுத்ததற்கு வயர் இழுத்து இரண்டு போட்டால் 4. மூன்று போட்டால் 2.67. நான்கு போட்டால் 2. ஆம்ப்பின் பின்னால் ஒரு சேனலுக்குக் குறைந்தபட்சம் 4 ஓம் என்று எழுதியிருந்தால், மூன்றாவது பாக்ஸை அந்தச் சேனலில் சேர்க்கக் கூடாது. முதல் பத்து நிமிடம் நன்றாகத்தான் பாடும். சூடு ஏறிய பிறகு ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள நின்று புரொடெக்ட் லைட் எரியும், அல்லது அவுட்புட் டிரான்சிஸ்டர் போகும்.

ஆம்ப்பின் இரண்டு சேனலையும் ஒன்றாக இணைக்கும் பிரிட்ஜ் மோடில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். பிரிட்ஜ் செய்தால் இரண்டு சேனலும் ஒரே லோடை இரு முனையிலிருந்தும் தள்ளி இழுக்கும். ஆகவே ஒவ்வொரு சேனலுக்கும் அந்த லோடின் பாதிதான் தெரியும். 8 ஓம் பாக்ஸ் ஒன்றை பிரிட்ஜில் போட்டால் சேனலுக்கு 4 ஓம். 4 ஓம் பாக்ஸைப் போட்டால் சேனலுக்கு 2. ஸ்டீரியோவில் 4 ஓம் தாங்கும் ஆம்ப் பிரிட்ஜில் 8 ஓம்தான் தாங்கும். பிரிட்ஜில் பாக்ஸின் இரண்டு வயரும் இரண்டு சேனலின் சிவப்பு முனைகளுக்குப் போகும். அந்த இரண்டில் எதுவும் கிரவுண்ட் அல்ல, ஆம்ப்பின் உலோகப் பெட்டியில் (சேசிஸ்) தொடவிடாதீர்கள்.

ஆம்ப்பில் செருகும் முன்பு கேபிளின் முனையில் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துப் பாருங்கள். மீட்டர் காட்டுவது காயிலின் டிசி ரெசிஸ்டன்ஸ் என்பதால் எழுதியிருப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்: 8 ஓம் பாக்ஸ் 5.5 முதல் 7 வரை, இரண்டு சேர்ந்தால் 3 சொச்சம். மீட்டர் வயருக்கே 0.2 முதல் 0.5 ஓம் வரை இருக்கும். இரண்டு முள்ளையும் ஒட்டவைத்து அதைப் பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். 1.5 காட்டினால் நான்கு பாக்ஸ் ஒரே லைனில் தொங்குகின்றன. கழித்தபின் பூஜ்யத்தை ஒட்டி நின்றால் எங்கோ ஷார்ட். ஹை சத்தம் தரும் ஹார்னுக்கு மட்டும் தனியாக வரும் லைன் ஒன்றுமே காட்டாவிட்டால் பதற வேண்டாம், உள்ளே கெப்பாசிட்டர் இருக்கலாம்.

ஸ்டிக்கர் வாட்ஸை உரித்துப் பார்ப்பது

பாக்ஸில் மூன்று வாட்ஸ் எண்கள் இருக்கும்: தொடர்ந்து தாங்குவது, புரோகிராம் (பாட்டு போல ஏறி இறங்கும் சத்தத்துக்கு), பீக் (ஒரு கணம் மட்டும்). தொடர்ந்து தாங்குவதை ஆர்எம்எஸ் என்றோ ஏஇஎஸ் என்றோ போடுவார்கள். வழக்கமாக அதன் இரு மடங்கு புரோகிராம், நான்கு மடங்கு பீக். பாக்ஸில் 1000 என்று மொட்டையாக ஒரு எண் மட்டும் இருந்தால் அதைப் பீக் என்றே வைத்து, 250 தான் உண்மை என்று தொடங்குவது பத்திரம். பிஎம்பிஓ (விளம்பரத்துக்காக ஊதிய பீக் எண்) என்று எழுதியிருந்தால் அந்த எண்ணைப் படிக்காமலே விட்டுவிடலாம்.

ஆம்ப்பில் கேட்க வேண்டியது, எத்தனை ஓமில் எத்தனை வாட்ஸ், ஒரு சேனலா இரண்டும் சேர்த்தா என்பதை. "3000 வாட்ஸ்" என்று முகப்பில் இருப்பது பல சமயம் பிரிட்ஜில் ஒரு கணம் கிடைப்பது. 8 ஓமில் 300 தரும் ஆம்ப் 4 ஓமில் 600 தந்துவிடாது. 450, 500 என்று நின்றுவிடும், ஏனென்றால் பவர் சப்ளை தொய்ந்துவிடும்.

கனமான டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய ஏபி கிளாஸ் ஆம்ப்பில் பொய்யைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி உண்டு. மேல்மூடியின் காற்றுத் துளை வழியாக டார்ச் அடித்து, டப்பா போல நிற்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் எழுதிய வோல்டேஜைப் படியுங்கள். உள்ளே ஓடும் வோல்டேஜ் அதைத் தாண்ட முடியாது. 63 வோல்ட் என்று இருந்தால், இழப்பு போக உச்சம் சுமார் 58 வோல்ட் என்று வையுங்கள். அதை 1.414 ஆல் வகுத்தால் 41. 41 ஐ வர்க்கம் செய்து 8 ஆல் வகுத்தால் சேனலுக்கு 210 வாட்ஸ். முகப்பில் என்ன எழுதியிருந்தாலும் 8 ஓமில் அதற்கு மேல் பெரிதாக வராது. கெப்பாசிட்டர்களைத் தொடராக அடுக்கிய ஆம்ப்புக்கும், பிளக் போட்டதும் நேரடியாக மின்சாரத்தை மாற்றும் எடை குறைந்த ஸ்விட்சிங் சப்ளைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. மூடியைக் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும்.

எவ்வளவு வாட்ஸ் வேண்டும்

லிமிட்டர் (சிக்னல் ஒரு அளவைத் தாண்டாமல் தடுக்கும் கருவி) இருந்து, கேட்டுக்கொண்டே இயக்க ஆள் இருந்தால், பாக்ஸ் தொடர்ந்து தாங்கும் அளவில் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆம்ப் எடுக்கலாம். லிமிட்டர் இல்லை, மைக்கை யார் கையில் கொடுப்போம் என்றே தெரியாது என்றால் ஒரு மடங்கே போதும். 250 வாட்ஸ் தாங்கும் பாக்ஸுக்கு 500 வாட்ஸ் ஆம்ப் புத்தகக் கணக்குக்குச் சரி. ஆனால் பழைய 300 வாட்ஸ் ஆம்ப் மலிவாகக் கிடைக்கிறது என்றால்? இரண்டுக்கும் வித்தியாசம் 2.2 டெசிபல். பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கேட்டால் தெரியும், கூட்டத்தில் நிற்பவருக்குத் தெரியாது. 300 ஐ எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கேபிளுக்கும் லிமிட்டருக்கும் வையுங்கள்.

சத்தத்தை உண்மையில் வாங்கித் தருவது பாக்ஸின் சென்சிட்டிவிட்டி, அதாவது 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் வரும் டெசிபல். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும். பத்து மடங்கு ஆக்கினால் 10. அதனால் 94 டெசிபல் பாக்ஸுக்கு 400 வாட்ஸ் ஊற்றினால் 120 வரும். 100 டெசிபல் பாக்ஸுக்கு 100 வாட்ஸிலேயே அதே 120 வந்துவிடும். சிறிய ஆம்ப், குறைந்த சூடு, மெல்லிய கரண்ட் கனெக்‌ஷன், எல்லாமே இந்த 6 டெசிபலில் அடக்கம். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் போகும்: 1 மீட்டரில் 120 என்றால் 4 மீட்டரில் 108, 16 மீட்டரில் 96. காயில் சூடேறினால் அதன் ரெசிஸ்டன்ஸ் கூடி இன்னும் 3 டெசிபல் வரை விழுங்கும்.

சென்சிட்டிவிட்டியிலும் சின்னத் தந்திரம் ஒன்று உண்டு. "1 வாட்" என்பதற்குப் பதில் "2.83 வோல்ட்" என்று எழுதியிருந்து பாக்ஸ் 4 ஓம் என்றால், கொடுத்தது 2 வாட்ஸ். 3 டெசிபல் கழித்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

சின்ன ஆம்ப் ஸ்பீக்கரை எரிக்குமா

சின்னதாக இருப்பதால் எரிக்காது. போதாமல் முறுக்குவதால் எரியும். 300 வாட்ஸ் ஆம்ப்பைக் கிளிப் ஆகும்வரை, அதாவது அதன் எல்லையைத் தாண்டித் தள்ளினால் அலையின் தலை தட்டையாகும். முழுக்கச் சதுரமாகிவிட்டால் அது 600 வாட்ஸுக்குச் சமம். அடி முதலில் விழுவது ஹார்ன் யூனிட்டில். பேஸின் முகடுகள் வெட்டுப்பட்டு ஒரு மட்டத்தில் நின்றுவிடும், ஆனால் அதுவரை தாழ்ந்திருந்த ஹை சத்தம் ஏறிக்கொண்டே போகும். வெட்டின விளிம்புகளிலிருந்து புதிதாகப் பிறக்கும் ஹார்மோனிக்ஸும் (கூடுதல் ஹை சத்தம்) பேஸையும் ஹையையும் பிரிக்கும் கிராஸ்ஓவர் வழியாக ஹார்னுக்கே போய்ச் சேரும். 250 வாட்ஸ் பாக்ஸ் என்றாலும் உள்ளிருக்கும் ஹார்ன் யூனிட் தாங்குவது அதில் சின்னப் பங்குதான்.

ஆம்ப்பின் வால்யூம் நாப்பைப் பாதியில் வைத்தால் பாதி வாட்ஸ்தான் போகும் என்பது தப்புக்கணக்கு. அந்த நாப் உள்ளே வரும் சிக்னலைத்தான் குறைக்கிறது. மிக்ஸரிலிருந்து அதிகம் அனுப்பினால் நாப் பாதியில் இருக்கும்போதே ஆம்ப் முழு வாட்ஸையும் கொடுக்கும்.

லிமிட்டரை வோல்டேஜ் பார்த்து வைப்பது

இந்த ஒரு வேலையை மட்டும் பொறுமையாகச் செய்யுங்கள். பாக்ஸ் 300 வாட்ஸ், 8 ஓம் என்போம். 300 ஐ 8 ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 49. ஆம்ப்பிலிருந்து 49 வோல்ட்டுக்கு மேல் தொடர்ந்து வரக் கூடாது, அவ்வளவுதான். அதே மாதிரி இரண்டு பாக்ஸை இணையாகப் போட்டாலும் அதே 49. கரண்ட்தான் இரட்டிக்கும், வோல்டேஜ் மாறாது.

ஸ்பீக்கர் கேபிள்களை ஆம்ப்பிலிருந்து கழற்றுங்கள். ஆம்ப் நாப்பை முழுக்கத் திறந்து வையுங்கள். சப் (ஆழ்ந்த பேஸ் பாக்ஸ்) லைனுக்கு 60 ஹெர்ட்ஸ், டாப் (மற்ற சத்தம் தரும் பாக்ஸ்) லைனுக்கு 200 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை மிக்ஸரிலிருந்து அனுப்புங்கள். சாதாரண மல்டிமீட்டர் அதற்கு வெகு மேலே போனால் தப்பாகக் காட்டும். ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்ப் அவுட்புட்டின் இரு முனைகளில் முள்ளை வையுங்கள். விரல் படக் கூடாது, பெரிய ஆம்ப்பில் அங்கே ஷாக் அடிக்கும் அளவு வோல்டேஜ் உண்டு. மிக்ஸரை ஏற்றிக்கொண்டே போய், லிமிட்டரின் திரெஷோல்டை (அது தடுக்கத் தொடங்கும் அளவு) இறக்குங்கள். மிக்ஸரை இன்னும் தள்ளினாலும் மீட்டர் 49 இல் அசையாமல் நிற்கும் இடம்தான் உங்கள் செட்டிங். மீட்டர் இல்லாமலும் கணக்கிடலாம்: ஆம்ப்பின் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) 32 டெசிபல் என்றால் 40 மடங்கு. 49 ஐ 40 ஆல் வகுத்தால் சுமார் 1.23 வோல்ட், அது பிளஸ் 4 டிபியு (லிமிட்டரில் சிக்னல் வோல்டேஜைக் குறிக்கும் அளவு). பிறகு யாராவது ஆம்ப் நாப்பைத் திருகினாலும் குறையத்தான் செய்யும், கூடாது.

அங்கேயே ஹை-பாஸையும் (மிகத் தாழ்ந்த சத்தத்தை வெட்டும் ஃபில்டர்) போட்டுவிடுங்கள். துளை வைத்த பேஸ் பாக்ஸ் 45 ஹெர்ட்ஸுக்கு டியூன் ஆனது என்றால் 40 க்குக் கீழே ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 24 டெசிபல் வெட்டு. அந்த டியூனிங்குக்குக் கீழே கோனைப் பிடித்து நிறுத்த பாக்ஸுக்குள் காற்று உதவாது. வாட்ஸ் குறைவாக இருக்கும்போதே காயில் காந்தத்தின் இடைவெளியைவிட்டு வெளியே குதித்து அடி வாங்கும். சப் இருக்கும்போது டாப்பை 100 ஹெர்ட்ஸில் வெட்டினால் அதன் சுமை பெருமளவு குறையும்.

கேபிள்

20 மீட்டர் தள்ளி 4 ஓம் லோடு. 1 சதுர மில்லிமீட்டர் வயரில் போக வர 40 மீட்டர், ரெசிஸ்டன்ஸ் 0.69 ஓம். பாக்ஸுக்குப் போக வேண்டியதில் நூற்றுக்கு 27 பங்கு அங்கேயே காணாமல் போகும். 2.5 சதுர மில்லிமீட்டர் என்றால் 12 பங்கு. 4 என்றால் 8. செப்பு முலாம் பூசிய அலுமினிய வயரை இந்தக் கணக்கில் ஒரு சைஸ் மெலிதாகவே எண்ணிக்கொள்ளுங்கள். சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். ஆம்ப்பைப் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்து, நீள ஓட்டத்தை மெல்லிய எக்ஸ்எல்ஆர் சிக்னல் கேபிளுக்கு விடுவதுதான் எல்லாவற்றிலும் மலிவு. ஸ்பீக்கர் லைனுக்கு ஜாக் பின் வேண்டாம், செருகும்போதே ஷார்ட் ஆகும். ஸ்பீக்கருக்கென்றே உள்ள, திருகிப் பூட்டும் ஸ்பீக்கான் கனெக்டர் போடுங்கள்.

பழைய ஆம்ப் வாங்கும்போது

ஸ்பீக்கர் போடாமல், சிக்னல் இல்லாமல் ஆன் செய்து அவுட்புட்டின் இரு முனைகளுக்கு இடையே டிசி வோல்ட் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 1 வோல்ட் காட்டினால் அதில் ஸ்பீக்கரை மாட்டவே வேண்டாம். நாப் திருகும்போது கரகரப்பது பெரிய குற்றம் இல்லை, கான்டாக்ட் கிளீனர் போதும். ஃபேன் சுற்றாதது பெரிய குற்றம், ஏற்கனவே எத்தனை முறை வெந்ததோ தெரியாது. பழைய பாக்ஸில் வூஃபர் கோனை இரண்டு கை விரல்களாலும் சமமாக உள்ளே அழுத்துங்கள். உரசும் சத்தம் கேட்டால் காயில் கருகியோ கோணியோ இருக்கிறது. மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தும் பாருங்கள், கருகிய வார்னிஷ் நாற்றம் சீக்கிரம் போகாது. 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸைச் சிவப்பு முனையில் தொட்டால் கோன் வெளியே வர வேண்டும். நான்கில் ஒன்று உள்ளே போனால் அதன் வயர் மாறியிருக்கிறது. அப்படியே விட்டால் அது மற்றொன்றின் பேஸை அழித்து, மொத்தப் பேஸும் பெருமளவு குறையும்.

ஓடவிட்ட பிறகு கிளிப் லைட்டைக் கவனியுங்கள். டிரம் அடிக்கு அடி ஒரு கணம் மின்னினால் பரவாயில்லை. எரிந்தபடி நின்றால் மிக்ஸரில் 3 டெசிபல் இறக்குங்கள். பாட்டின் நடுவே ஹார்ன் சட்டென மங்கி, சத்தத்தைக் குறைத்துக் கொஞ்ச நேரத்தில் தானாகத் திரும்பி வந்தால், அதைக் கனெக்‌ஷன் கோளாறு என்று நினைத்துப் பின்னை ஆட்ட வேண்டாம். கிராஸ்ஓவரில் உள்ள பாதுகாப்பு பாலிஸ்விட்ச் (ஆறியதும் தானாகத் திரும்பும் ஃபியூஸ்) சூடாகித் திறந்து ஆறியிருக்கிறது. டாப் லைன் லிமிட்டரை 2 டெசிபல் கீழே இறக்கிவிட்டுத் தொடருங்கள்.