ரிம், டிஸ்க், பிசிடி: அலாய் வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ரிம் வளைஞ்சிட்டு அண்ணாச்சி" என்றால் நெல்லை வண்ணார்பேட்டை டயர் கடையில் எல்லாருக்கும் புரியும். பழைய அலாய் வீல் தேடும்போதுதான் அதே பேச்சு காசைக் கரைக்கிறது.

முழு வீலையும் ரிம் என்பது

டயரின் ஓரம் உட்காரும் வெளி வளையம்தான் ரிம். அதை ஹப்போடு, அதாவது வீலைத் தாங்கிச் சுழலும் நடுப்பகுதியோடு, சேர்க்கும் நடுத்தகடு டிஸ்க். இரண்டும் சேர்ந்தது வீல். போனில் வெறுமனே "டிஸ்க்" என்று கேட்டால் பிரேக் டிஸ்க் வந்து நிற்கும்.

விளிம்புக்கு விளிம்பு டேப் பிடிப்பது

15 இஞ்ச் வீல் ஏறக்குறைய 16 காட்டும். டயர் உட்காரும் இடத்தில்தான் அளவு. வீலில் 5.5ஜே × 15 என்று பொறித்திருப்பதைப் படியுங்கள்; 5.5 அகலம், 15 விட்டம், இரண்டும் இஞ்சில்.

மேக் வீல்

மேக் என்றால் மக்னீசியம். இன்று கடையில் கிடைப்பது அலுமினியம். அலாய் என்றே கேளுங்கள்.

பிசிடி சரி என்றதும் பணத்தை எண்ணுவது

"நாலு ஓட்டையும் பொருந்துதுல்லா, பொறவென்ன?" இந்த ஒரு கேள்விதான் இன்னும் எரிச்சல் மூட்டுகிறது. பிசிடி என்பது நட்டுத் துளைகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம், அவ்வளவுதான். ஸ்விஃப்ட்டுக்கு 4×100, அதாவது நாலு துளை, 100 மி.மீ. விட்டம். ஆனால் அதன் ஹப் 54.1 மி.மீ.; வெளிச்சந்தை அலாய்கள் பலவற்றின் நடுத்துளை, அதாவது சென்டர் போர், 67.1. சுற்றிலும் 6.5 மி.மீ. இடைவெளி. வீலை நடுவில் பிடிக்க ஹப் இல்லை, நட்டு மட்டுமே. கூம்பு நட்டு ஓரளவு இழுத்து நிறுத்தும். வண்டி எடை தரையில் இருக்க, ஒரு பக்கமாக முறுக்கினால் வீல் விலகியே இறுகும்.

பிறகு நாகர்கோவில் நாலுவழிச் சாலையில் 80-ஐத் தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்கும். உடனே பேலன்ஸிங். அந்த மெஷின் நடுத்துளையில் கூம்பு வைத்துப் பிடிப்பதால் பூஜ்யம் காட்டும். நடுக்கம் போகாது. அடுத்து அலைன்மென்ட், அதற்கடுத்து புது டயர். எல்லாம் வீண்செலவு. வேண்டியது அந்த இடைவெளியை அடைக்கும் வளையம், வெளிவிட்டம் 67.1, உள்விட்டம் 54.1 உள்ள ஹப் ரிங் நான்கு. வீல் தரையைத் தொடாதபடி ஜாக்கியில் நிற்க, நட்டுகளைக் குறுக்குவாட்டில் இறுக்குங்கள். இறக்கியபின் முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் மேனுவல் சொல்லும் அளவுக்கு முடியுங்கள்.

4×98 வீலை 4×100 ஹப்பில் ஏற்றுவது இதைவிட மோசம். ஒவ்வொரு துளையும் 1 மி.மீ. தள்ளி நிற்கும், நட்டு ஏறும் ஸ்டட் வளைந்த நிலையிலேயே வேலை செய்யும்.

ஆஃப்செட்டை மறப்பது

வீல் ஹப்பில் ஒட்டும் முகம், வீலின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட்; வீலில் அதைக் குறிப்பது ஈடி எண். அது மாறினால் டயர் ஃபெண்டரிலோ உள்ளே சஸ்பென்ஷனிலோ உரசும்.

பழைய நட்டுகளைத் தூக்கிப் போடுவது

ஸ்டெப்னி இரும்பு வீலாகவே இருக்கும். அலாய் நட்டு அதில் சரியாக உட்காராமல் போகலாம். நாங்குநேரி தாண்டி பஞ்சரானால் தேவைப்படுவது அந்தப் பழைய நட்டுகள்; டிக்கியிலேயே கிடக்கட்டும்.